ஏழும் இரண்டும் வைத்து மாப்பிள்ளையை மடக்கிய விவரம்

அமரில்லோவில் இருக்கும் அன்புள்ள மேவிஸ் அக்காவுக்கு,

லாஸ் வேகாஸிலிருந்து தம்பி வெர்னான் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி ஒலீட்டாவும் எங்கள் பெண் ரோண்டாவும் சுகம். என் பழைய பிக்கப் வண்டி வியாபாரமும் சுகம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அங்கே அடிக்கும் புழுதிக்காற்று உங்கள் கோழிகளைக் கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

நிற்க. "பெண் மனசை உடைத்துவிடாதே வெர்ன்" என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றும் உடையவில்லை. காரியத்தைக் கச்சிதமாக முடித்துவிட்டேன். ரோண்டாவைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கும் கர்டிஸ் என்கிற அந்தப் பையன் நல்லவன்தான், தலைமுடியைச் சீவுகிறான், ஒலீட்டாவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான், ஆனால் தொழில் போக்கர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பாதிரியார் கேட்டால் சீட்டாடுகிறார் என்றா சொல்வது? ஆகவே பையனைக் கூப்பிட்டு நேராகவே சொன்னேன்: "தம்பி, என்னோட ஒரு ஆட்டம் ஆடு. நீ ஜெயிச்சா வசந்தத்துல கல்யாணம். நான் ஜெயிச்சா சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு என் கடையில ஒரு வருஷம் வண்டி விக்கணும், அதுக்கப்புறம்தான் கல்யாணப் பேச்சே." அவன் ரோண்டாவைப் பார்த்தான். அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "சரி சார்" என்றான்.

சீட்டையே தொழிலாக வைத்திருப்பவனோடு மோதுவதா என்று நீங்கள் பயப்படலாம். அக்கா, இந்த ஊர்ச் சீட்டுக்காரர்களில் பாதிப் பேர் என்னிடம்தான் வண்டி வாங்குகிறார்கள், ஜெயித்த மாதம் வாங்குவார்கள், தோற்ற மாதம் என்னிடமே விற்பார்கள், அவர்கள் ரகம் எனக்கு அத்துப்படி. பாறை என்று ஒரு ரகம், நல்ல சீட்டு வரும்வரை அசைய மாட்டான், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி. புயல் என்று ஒரு ரகம், கையில் என்ன இருக்கிறதென்று பார்ப்பதற்கு முன்பே பந்தயத்தை ஏற்றிவிடுவான், அவனை நாம் எதிர்க்கவே கூடாது, அவனாகவே ஓய்ந்துபோவான். இன்னொருவன் பசை, எவ்வளவு ஏற்றினாலும் "பாக்கலாம் பாக்கலாம்" என்று கூடவே வருவான், அவனிடம் பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை, நிஜமாகவே நல்ல சீட்டு வைத்திருக்க வேண்டும். மற்றபடி பந்தயம் கட்டுவதும் விலை சொல்வதும் ஒன்றுதான். ஓட்டை வண்டிக்குக் குறைந்த விலை சொன்னால் ஓட்டை என்று தெரிந்துவிடும், முழு விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் வாய் திறப்பவன் தோற்றான்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். காசு கிடையாது, வெறும் சில்லுகள். ஒலீட்டா அடுப்பிலிருந்து மாட்டிறைச்சியை வெளியே எடுக்கும்வரை ஆட்டம், அப்போது யாரிடம் சில்லு அதிகமோ அவன் ஜெயித்தான். பையன் பெரும்பாலும் சீட்டைக் கவிழ்த்துக் கட்டிய சில்லை எனக்கே விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தான், எப்போதாவது ஒரு கையைச் சத்தமில்லாமல் ஜெயித்துக் கணக்கைச் சமமாக்குவான், மறுபடி கவிழ்ப்பான். பாறை! எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். பாறையை எப்படி நகர்த்துவது? மொத்தச் சில்லையும் தள்ளி மிரட்ட வேண்டும்.

"கறி வெந்தாச்சு, இன்னும் ஒரு கை ஆடிட்டு எந்திரிங்க" என்றாள் ஒலீட்டா. எனக்கு வந்தது ஏழும் இரண்டும், இந்த ஆட்டத்திலேயே அதைவிடக் கேவலமான ஜோடி கிடையாது. இருவருக்கும் பொதுவாக மேசை நடுவில் விழுந்தவை ராஜா, ஒன்பது, நாலு, எட்டு, மூன்று, எதுவும் எனக்கு ஒட்டவில்லை. என்ஜின் இல்லாத வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற சில்லு அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டு, முழு விலை சொன்னவன் மாதிரி கூரையைப் பார்த்தேன். பையன் யோசித்தான், யோசித்தான், கழுத்தைச் சொறிந்தான்.

"பெரிய சீட்டு வச்சிருக்கீங்க போல, சார்."

"பாக்கணும்னா கட்டிப் பாரு, தம்பி. சும்மா காட்டறதுக்கு இது என்ன பொருட்காட்சியா?"

"அப்பா, கறி ஆறுது" என்றாள் ரோண்டா.

"அவன் உயிர் ஊசலாடுது, உனக்குக் கறியா?" என்றேன். பையன் தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்தே நகர்த்தினான். அடுத்த நொடி நான் ஏழையும் இரண்டையும் மல்லாத்தி அடித்தேன் பாருங்கள், ஐஸ் டீ கோப்பை குலுங்கியது! பையன் எழுந்து கை கொடுத்து, "கத்துக்கிட்டேன் சார், திங்கக்கிழமை கடைக்கு வர்றேன்" என்றான். பெண் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, என் வளர்ப்பு அப்படி. ஆகவே அக்கா, கல்யாணத்துக்கென்று அவசரப்பட்டு எதுவும் வாங்காதீர்கள். பையனுக்கு நெஞ்சுரம் போதாது, ஒரு வருஷத்தில் நான் செதுக்கிவிடுவேன்.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் எல்லோருக்கும் கர்த்தர் நல்ல சுகத்தையும், கோழிகளுக்குக் கூரையையும் அருளட்டும்.

பாசமுள்ள தம்பி,
வெர்னான் பெட்டிஜான்

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் ஒலீட்டா தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மேசை துடைக்கும்போது பையன் கவிழ்த்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாளாம். கவிழ்த்த சீட்டைத் தொடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று கத்தினேன். "உங்க சட்டம் ஆடறவங்களுக்கு. நான் மேசை துடைக்கிறவ" என்றாள். அவன் கவிழ்த்தது இரண்டு ராஜா. நடுவில் கிடந்ததோடு மூன்று ராஜா. அக்கா, அந்த மேசையில் மூன்று ராஜாவை அடிக்க உலகத்தில் ஒரு சீட்டும் கிடையாது, சின்னக் குழந்தைக்கும் அது தெரியும்.

ரோண்டாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினாள். அதில் மோதிரம். வியாழக்கிழமையே மெயின் தெருவில் இருக்கிற சின்ன ஜெபக்கூடத்தில் கல்யாணம் முடிந்ததாம், சாட்சி ஒலீட்டாவாம். பையனுக்குப் போன் போட்டு, பிறகு எதற்கடா கவிழ்த்தாய் என்று கேட்டேன். "நான் ஜெயிக்க வேண்டியதை வியாழக்கிழமையே ஜெயிச்சிட்டேன் சார். ஞாயித்துக்கிழமை உங்களை வேற எதுக்குத் தோக்கடிக்கணும்?" என்றான். அப்படியானால் திங்கட்கிழமை வரமாட்டாயா என்றேன். "சொன்னா சொன்னதுதான், வருவேன். வந்ததும் சம்பளத்தைப் பத்தி நாம ரெண்டு பேரும் எதிர் எதிரா உக்காந்து பேசிடலாம் சார்" என்றான்.

அந்தப் பேச்சுக்கு ஒலீட்டாவை அனுப்புவதாக இருக்கிறேன்.