யாஷிகா தூங்குகிறாள்

"தோள்ல மாட்டிக்கிட்டா போகப் போறீங்க? பாண்டி பஜார் தாண்டுறதுக்குள்ள வாரை அறுத்துக்கிட்டுப் போயிருவான்" என்றாள் மனைவி சண்முகவடிவு.

கனகராஜ் தோளில் கேமராவுடன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

அது அவனுடைய கேமரா இல்லை. மேனேஜர் ரகுபதிக்கு அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த யாஷிகா. ஆபீஸில் யாராவது ஆசையாகத் தொட வந்தால்கூட, "கை ஈரமா இருக்கா பாருங்க" என்று தள்ளி வைத்துக்கொள்கிறவர் ரகுபதி. அப்பேர்ப்பட்டவர், மகளுக்குக் காதுகுத்து என்று லீவு கேட்கப் போன கனகராஜிடம், கேட்காமலே கேமராவை எடுத்து நீட்டினார். ஆபீஸே வாயைப் பிளந்தது. அன்றிலிருந்து கனகராஜ் ஒரு அங்குலம் உயரமாகத்தான் நடந்துகொண்டிருந்தான். இத்தனை பேர் இருக்க, மனிதர் தன்னை அல்லவா நம்பினார்!

காதுகுத்து முடிந்துவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. தி.நகரிலிருந்து அடையாறு போய், அவர் வீட்டில் கேமராவை ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"பின்னே எப்படிக் கொண்டு போக?"

வடிவு கேமராவைத் துண்டில் சுற்றினாள். ஒயர் கூடைக்குள் வைத்தாள். அதன்மேல் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் பரப்பினாள்.

"இனிமே யாரு பாத்தாலும், மனுசன் கீரை வாங்கிட்டுப் போறாருன்னுதான் நினைப்பாங்க. கீரையையா திருடப் போறான்?"

அவள் சொன்னபடியே கீரையைத் திருட ஒரு மனிதனும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் மாடு வந்தது.

கனகராஜ் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடை கனத்தது. திரும்பினால், மாட்டின் வாயில் பாதிக் கட்டுக் கீரை. கீரையோடு துண்டின் ஒரு முனை.

"ஐயோ, கேமரா! கேமராவை விடு! கேமரா!"

மாடு பெருந்தன்மையாகத் துண்டை விட்டுவிட்டு மீதிக் கீரையையும் எடுத்துக்கொண்டது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இன்னா சார், கேமராவா வச்சிக்கினு கீறே?" என்றாள் பக்கத்தில் இருந்த பூக்காரி. "உஷாரா இரு சார். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அட்ச்சிக்கினு பூடுவானுங்க!"

அவளுடைய அக்கறை எதிர்ப்பக்கம் நின்ற பஸ்கள் வரைக்கும் கேட்டது. அங்கே சாய்ந்திருந்த ஒரு பெரிய மீசைக்காரன் பீடியை அணைத்துவிட்டு நிமிர்ந்தான்.

கனகராஜ் வந்த பஸ்ஸில் பாய்ந்து ஏறினான். மீசையும் ஏறியது.

"கேமரா சார், கொஞ்சம் உள்ளே போங்க" என்றார் கண்டக்டர். செய்தி அவனுக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

கூட்டம் நெருக்க நெருக்க, கனகராஜ் கூடையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டான். மீசை ஒரு முழ தூரத்தில் நின்று ஜன்னல் வழியாக வெளியே பார்த்தது. பார்க்காத மாதிரி பார்க்கிறான் என்று கனகராஜுக்குப் புரிந்துவிட்டது. சைதாப்பேட்டையில் பஸ் நிற்பதற்குள் குதித்தான். மீசையும் இறங்கி, இவன் பக்கமே திரும்பாமல் மார்க்கெட்டுக்குள் போனது. போகிற மாதிரி போய், சுற்றி வந்து பிடிக்கிற ஆள்!

ஓரமாக நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தான்.

"அடையாறு போப்பா. டாப்பைப் போட்டுக்கோ."

"வெயிலே இல்லியே சார்?" என்றார் ரிக்‌ஷாக்காரர் பீர் முஹம்மது.

"பரவாயில்லை, போடு."

கீரை போன கூடையில் துண்டு மூட்டை துருத்திக்கொண்டு தெரிந்தது. கனகராஜ் அதை வெளியே எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். பீர் முஹம்மது மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"மடில இன்னா சார், கொழந்தையா?"

கனகராஜுக்கு அது கடவுளே எடுத்துக்கொடுத்த வார்த்தையாகப் பட்டது. "ஆமாப்பா" என்றான்.

"சத்தமே காணோமே?"

"தூங்குது."

"மூஞ்சிய தொற சார். மூச்சு முட்டிக்கப் போவுது."

"காத்து பட்டா முழிச்சிக்கும்."

ரிக்‌ஷா ஒரு திருப்பம் திரும்பியது. பிறகு, "கொழந்த பேரு இன்னா சார்?"

கனகராஜுக்குச் சொந்த மகளின் பெயரே மறந்துவிட்டது. பதற்றத்தில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"யாஷிகா."

"சேட்டு வூட்டுப் பேரு மாதிரி கீதே!"

பீர் முஹம்மது அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வேகமாக மிதித்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று கனகராஜ் சற்றே கண்ணை மூடினான். ரிக்‌ஷா நின்றபோது எதிரே போலீஸ் ஸ்டேஷன்.

"ஏட்டையா, ஓடியாங்க! புள்ள புடிக்கிறவன்! சேட்டு வூட்டுக் கொழந்தையத் தூக்கிக்கினு வந்துட்டான். அது மூச்சு பேச்சு இல்லாம கெடக்குது!"

ஏட்டு நாகராஜ் தொப்பிகூடப் போடாமல் ஓடி வந்தார். மூட்டையைப் பதமாக வாங்கி மேஜைமேல் கிடத்தி, மெல்லத் துண்டை விலக்கினார். ஸ்டேஷனே குனிந்து பார்த்தது.

"இதுவாய்யா யாஷிகா?"

"ஆமாங்க."

"இதுக்குப் பில் இருக்கா?"

"என்னுது இல்லீங்க. எங்க மேனேஜரோடது."

"மேனேஜர் கேமராவை ஏன்யா குழந்தைன்னு சொன்னே?"

"திருடனுக்குப் பயந்துங்க."

"எந்தத் திருடன்?"

கனகராஜ் யோசித்துப் பார்த்தான். "இன்னும் யாரும் வரலீங்க" என்றான்.

ஏட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். இப்படி ஒரு பொய்யை நிஜத் திருடன் சொல்லமாட்டான் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான். கேமராவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கனகராஜைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே ரிக்‌ஷாவில் அடையாறுக்குப் புறப்பட்டார்.

"தப்பா நென்ச்சிக்காத சார்" என்றார் பீர் முஹம்மது, வழியெல்லாம். "பொட்டப்புள்ளைங்கள பெத்தவன் நானு. கொழந்தன்ன ஒடனே மன்சு கேக்கல."

அடையாறு காந்தி நகரில் போலீஸோடு வந்து இறங்கியவனைத் தெருவே வேடிக்கை பார்த்தது. கனகராஜுக்கு மானம் போனது. ஆனால் கேமரா போகவில்லை. அதை நினைத்ததும் அந்த ஒரு அங்குலம் மெல்லத் திரும்பி வந்தது.

கதவைத் திறந்தவர் மேனேஜரின் மனைவி தேவானை.

"அம்மா, இந்தக் கேமரா உங்களுதா? இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஏட்டு.

தேவானை கேமராவைப் பார்த்தார். கனகராஜைப் பார்த்தார். பதில் சொல்ல அவருக்கு நேரமானது. அதற்குள் ரகுபதியே பின்னாலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"வந்துட்டியா!" என்றார், கேமராவிடம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்லை! கனகராஜ், நீங்க மனுஷன்யா! ஏட்டையா, அப்படியே நில்லுங்க, வெளிச்சம் பிரமாதமா விழுது. ரிக்‌ஷாக்காரரே, நீங்களும் வாங்க. தேவானை, அந்தக் கரண்டியைக் கீழே வைக்காதே, அதோடவே வந்து நில்லு!"

"நான் இன்னும் தலைகூட வாரலை."

"அதுதான் இயற்கையா இருக்கும். நேத்து நீ தூங்கறப்போ எடுக்க முடியாமப் போச்சேன்னு தவிச்சுப் போயிட்டேன். இரு, பிலிம் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே ஓடினார்.

கனகராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பாராட்டுக்காகத் தேவானையின் பக்கம் திரும்பினான். அவர் கையில் கரண்டியோடு, அழாத குறையாக நின்றார்.

"இந்தக் கேமராவை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி இவரைப் பாடாப் படுத்தினது நான்தான் தம்பி" என்றார் மெதுவாக. "வாரம் ஒரு குடையை பஸ்ஸிலேயே விட்டுட்டு வர்ற ஆள்னு கேள்விப்பட்டு, உங்களை எவ்வளவு நம்பியிருந்தேன்!"