மேற்கே சுற்றி வா

செஞ்சி,
தை மாதம், 1966.

சிரஞ்சீவி குணபாலனுக்கு உன் நைனா சந்திரநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. அருகன் அருளால் இங்கே மாடு கன்று உட்பட எல்லோரும் சௌக்கியம், உன் அம்மாவைத் தவிர. லண்டன் குளிரில் நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அம்மா படுத்த படுக்கையாக இருப்பதை முன்பே எழுதியிருந்தேன். அவளைப் பார்க்க விமானம் ஏறி வருவதாக நீ போட்ட பதிலைப் படித்துக் காட்டியதும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். கஞ்சி உள்ளே போனதும் கவலை வந்துவிட்டது. பொழுது சாய்ந்தபின் நம் சமண வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைப்பதில்லையே, ஆகாயத்தில் பிள்ளை எப்போது சாப்பிடுவான் என்று ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலை விற்கிற வியாபாரம், பக்கத்து வல்லம் தாண்டினால் நானே வழி கேட்கவேண்டும், ஆகையால் சுந்தரமூர்த்தி வாத்தியாரைக் கூப்பிட்டேன், அவர் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையைத் துண்டில் கட்டி சைக்கிளில் கொண்டுவந்து கட்டிலிலேயே வைத்துவிட்டார்.

"கிழக்க பாத்து வராரு இல்லீங்களாம்மா, பொழுது சீக்கிரம் போயிடும். ஐயாயிரம் மைலு. காலைல ஏறினா, மத்தியானச் சோறு செரிக்கறதுக்குள்ள இருட்டிடும்" என்றார். உள்ளதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"மேற்கால வந்தா?" என்றாள் உன் அம்மா.

"பகல் நீண்டுக்குனே போவும். ஆனா அமெரிக்கா, ஜப்பான்லாம் சுத்திக்கினு இருபதாயிரம் மைலு வரணும். ராத்திரியும் அதே மாதிரி நீளுமேம்மா."

"நீண்டா தூங்கட்டும். இன்னா இப்போ? புள்ள வயிறு காயாம வந்தா போதும்."

உருண்டையில் லண்டனிலிருந்து மேற்கே விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். பாதிக் கடலில் கை சோர்ந்து விழுந்துவிட்டது. மிச்சத்தை வாத்தியார்தான் ஓட்டிக் காட்டினார். எனக்குத் தாங்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதுபோல வெளியே வந்து அழுதேன்.

ஆகையால் நீ மேற்கே சுற்றியே வரவேண்டுமாம். எத்தனை நாள் கூடுதலானாலும் காத்திருப்பாளாம். அவசரம் ஒன்றுமில்லை. வழியில் கிழங்கு எதுவும் தொடாதே, காய்ச்சிய தண்ணீரையே கேட்டுக் குடி. அம்மாவும் நானும் உன்னை மனதார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் நைனா,
சந்திரநாதன்.

பி.கு.: மேலே உள்ளதை, நான் அழுத வரியை மட்டும் விட்டுவிட்டு, அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். திருப்தியாகத் தூங்குகிறாள். குணபாலா, மேற்கு வழி வேண்டாம். டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. தந்தி கொடுத்தால் தபாலாபீஸ் வழியாகச் செய்தி பரவி ஊரே திரண்டு அவளைப் பார்க்க வந்துவிடும், அவளுக்கும் விஷயம் தெரிந்துவிடும். கிடைக்கிற முதல் விமானத்தில் கிழக்கே பார்த்து வா. இருட்டிவிட்டாலும் பரவாயில்லை, கொடுப்பதைச் சாப்பிடு. பகலிலேயே சாப்பிட்டுவிட்டான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். வந்ததும் வராததுமாக, சாப்டியா என்றுதான் கேட்பாள். அதைக் கேட்க அவள் இருக்கும்போதே வந்துவிடு.