மலையரசர் பதவி விலகுகிறார்

மலையரசர் தோர்கில்ஸுக்கு இடப்பக்கம் நடந்துவந்த எய்விண்டைக் காணவில்லை.

அரசர் என்றதும் மணிமுடியை எண்ணிவிட வேண்டா. கோடை முழுதும் ஐஸ்லாந்து மலைகளில் மனம்போல மேய்ந்து திரியும் ஊராரின் ஆடுகளை, முதற்பனி விழுமுன் கீழே ஓட்டிவரச் செப்டம்பர் மாதத்தில் பன்னிருவர் மேலேறுவர். அவர்களுள் ஒருவராயிருந்து, மற்றப் பதினொருவரை வரிசையாக நிறுத்தி, இன்னார் இவ்வழி நடக்க என்று ஆணையிடுபவருக்கு அங்கே அரசர் என்று பெயர். தோர்கில்ஸ் பதினோராண்டுகளாக அரசர். அவருக்கு முன் அவர் தந்தையார்.

மூடுபனி இறங்கியிருந்தது. எய்விண்டின் இடம் வெறுமையாயிருப்பின், ஆடுகள் அவ்விடைவெளியில் புகுந்து மீண்டும் மேலேறிவிடும். ஆகவே வலப்பக்கத்து ஸ்டெய்ன்வோரை வாக்கிடாக்கியில் அழைத்து, இடப்பக்கம் போகச் சொன்னார்.

"அப்போ என் இடத்துல யாரு நிப்பாங்க?" என்றாள் அவள்.

"நான் நிப்பேன். சொன்னதைச் செய்ம்மா."

"உங்க இடத்துல?"

தோர்கில்ஸ் இதனை எண்ணியிருக்கவில்லை. ஆயினும் அரசர் தயங்குவது அழகன்று.

"அதை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வதற்காக வலப்பக்கம் நூறடி நடந்தார். பின்னர்ப் பழைய இடத்துக்குத் திரும்ப நூறடி நடந்தார். பழைய இடம் அங்கே இல்லை.

எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டிவிடுவதே இனி வழி என்று துணிந்து, வழியடையாளமாக அடுக்கிய கற்குவியலருகே வந்து நிற்குமாறு பொதுவில் ஆணையிட்டார். மறுமொழி எய்விண்டிடமிருந்து வந்தது.

"எந்தக் கற்குவியல், ராஜா? என் கண்ணு முன்னாலயே மூணு இருக்கு."

"நீ எங்கடா போய்த் தொலைஞ்சே?"

"நான் நின்ன இடத்துலயேதான் நிக்கிறேன். உங்களைத்தான் காணோம்."

இந்தத் துடுக்குக்குத் தண்டனையைப் பின்னர்க் கொடுக்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, பெரிய குவியல் என்றார் தோர்கில்ஸ். தாமும் பெரியதொன்றைக் கண்டடைந்து அதனருகே ஒருமணி நேரம் நின்றார். ஒருவரும் வந்திலர். வாக்கிடாக்கியும் உயிரை விட்டது. உடன் கூட்டிவந்த நாயை அவிழ்த்துவிட்டு, ஆளைத் தேடு என்றார். அது அவரை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, தேடிய ஆள் கிடைத்துவிட்ட நிறைவோடு அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது.

அப்போதுதான் குரல்கள் கேட்டன. தொலைவில், மலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, ஆணும் பெண்ணுமாக அவர் பெயரைச் சொல்லிக் கூவினர்.

தம்மை நம்பி வந்த பதினொருவர் மூடுபனியில் வழிதப்பி உதவிக்கு அழைக்கின்றனரே! குரல் வந்த திசை நோக்கி ஓடினார். பள்ளத்தாக்கு அக்குரலை அங்குமிங்கும் திருப்பியடித்தது. அவர் ஓட ஓட அது விலகிற்று. இறுதியில் அதுவும் அடங்கியது.

ஈரப்பாறையில் அமர்ந்தார். முதற்பனித் துகள் ஒன்று கையில் விழுந்தது. ஆடுகள் போகட்டும், ஆட்களுள் ஒருவரேனும் திரும்பாவிடில் ஊரார் முகத்தில் எவ்வாறு விழிப்பது? சென்ற ஆண்டு ஸ்டெய்ன்வோர் வேறு வழி ஒன்று சொன்னபோது, எல்லார் முன்னிலையிலும் அவளை வாயடைக்கச் செய்தது நினைவுக்கு வந்தது. பதினோராண்டுகளில் தாம் எவரையும் எதுவும் கேட்டதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. தந்தையார் மலையில் பேசியதே அரிது. எல்லாருக்கும் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். ஒருவர் களைத்தால் அவர் மூட்டையைத் தாம் வாங்கிக்கொள்வார். அதனையும் அரச காரியம் என்று இவர் அன்று அறிந்திலர்.

ஓடையைப் பிடித்துக் கீழிறங்கினார். ஓடை முடியுமிடத்தில் எய்விண்ட் ஒரு கல்லின்மேல் அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"எல்லாரும் வந்துட்டாங்களாடா?" என்றார் தோர்கில்ஸ்.

"இப்பத்தான் எல்லாரும் வந்தாச்சு, ராஜா. வாங்க, சூப்பு ஆறுது."

பட்டியில் ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. ஒன்றும் குறையவில்லை. பதின்மரும் சூப்புக் கிண்ணங்களோடு மதில்மேல் அமர்ந்திருந்தனர். தோர்கில்ஸ் தொப்பியைக் கழற்றினார். தம் ஆணை ஒன்றுகூடப் பயன்படாத நாளில்தான் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்றும், இத்தனையாண்டு இதனை உணராதிருந்ததற்கு வருந்துவதாகவும் நெடுநேரம் பேசினார்.

"என்னை மன்னிச்சிருங்க. அடுத்த வருஷம் ஸ்டெய்ன்வோர் ராஜாவா இருக்கட்டும். அவளுக்குத்தான் வழி தெரியும்."

மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் நிமிரவில்லை. ஸ்டெய்ன்வோர் கலவரத்தோடு தன் கிண்ணத்தையே பார்த்தாள்.

மலையேறாமல் ஆண்டுதோறும் பட்டியிலேயே இருந்து சமைப்பவளும், அப்போது சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தவளுமான குட்லோக் மட்டும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆட்டைத் தேடுங்கன்னா இவங்க ஒருநாளும் ஒழுங்கா வரிசையில நடந்ததில்ல, வருஷா வருஷம் நீங்க தொலைஞ்சு போனப்புறம்தான் மலை முழுக்கப் பரவி உங்க பேரைக் கூவித் தேடுவாங்க, அந்தச் சத்தத்துக்குத்தான் ஆடெல்லாம் கீழ இறங்குது, வழி தெரிஞ்சவ ராஜாவானா, இவங்க யாரைத் தேடி நடப்பாங்க?"