என் கீழ்ப்பல் செட்டின் மீதான விசாரணை

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர், என்ற முறையில், 1988ஆம் ஆண்டு என் கீழ்ப்பல் செட் கடமை நேரத்தில் தவறி விழுந்த செய்தியை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தொழிற்சாலையில் கொழுந்து வாடப்போடும் தொட்டியருகே ஓர் ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அருமையான வசை ஒன்று வாய் நிறைய வந்தது. கூடவே பல்லும் வந்தது. கொழுந்தைக் கிளறிக் கிளறித் தேடி, திட்டு வாங்கியவனே எடுத்துக் கொடுத்தான்.

தோட்ட நிர்வாகியான துரை உடனே ஆணை பிறப்பித்தார். கழன்று விழக்கூடிய எப்பொருளும் தொழிற்சாலைக்குள் நுழையலாகாது: வளையல், கொண்டை ஊசி, பல். அதை நல்ல தமிழில் எழுதி வாசலில் ஒட்டியவன் நான்தான். ஒட்டிவிட்டுத் திரும்பினால் வாசலில் காவல் நிற்கும் ஜாகா என்னை உள்ளே விடவில்லை. பல் நிலைபெறத் தீபாவளி வரை தவணை. தவறினால் என் நாற்காலி சின்னக் கிராணிக்கு.

கோலாலம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் ஓடினேன். தாடை எலும்பில் இரண்டு உலோகத் திருகுகளை இறக்கினார். எலும்பு அவற்றைக் கெட்டியாகப் பற்றும்வரை மாதக்கணக்கில் கஞ்சி குடித்தேன். பிறகு ஒவ்வொரு திருகின் தலையிலும் ஓர் உருண்டைக் குமிழ் வைத்தார். பல் செட்டின் அடியில் ரப்பர் வளையம் பதித்த இரண்டு குழிகள். ரவிக்கையின் பிரஸ் பட்டன் போலத்தான். அழுத்தினால் குமிழைக் கவ்விக்கொள்ளும். முறுக்கைக் கடித்துப் பார்த்தேன். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

துரை அழவில்லை. "கழலுமா?" என்றார்.

"தானா கழலாது துரை. கழுவுறதுக்கு நாமதான் கழட்டணும்."

"கழட்ட முடியும்னா அது கழலுற சாமான்தானே?"

விசாரணைக் குழு கூடியது. துரை, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர், தொழிற்சங்கச் செயலாளர் காளியண்ணன். கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியை நூலால் என் பல்லில் கட்டினார்கள். இரண்டு கிலோ இழுப்பைத் தாங்கினால் அது நிலையான பல் என்று தீர்மானம். மூட்டையோடு வந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். முள் இரண்டைத் தொட்ட பிறகுதான் பல் கழன்றது.

"பாஸாயிட்டேன்!" என்றேன், பொக்கை வாயோடு.

கொழுந்து பறிக்கும் வேலம்மா கேட்டாள்: "ஈரத்துக்குக் கழிக்கலியே லா?"

"என்ன ஈரம்?" என்றார் துரை.

"வெயில் காஞ்சாலும் எங்க மூட்டைக்குக் கிராணி ஒரு கிலோ கழிக்கிறாரே துரை. அவரு வாயில எச்சில் இல்லியா?"

வழக்கம் வழக்கம்தான். ஒரு கிலோ கழித்தார்கள். என் பல் தோற்றது.

எனக்கு வந்ததே கோபம். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? குழுவுல உள்ளவங்க பல்லையும் இழுத்துப் பாருங்க!"

டிரெசர் கூரையைப் பார்த்தார். மே தினத்தன்று முழங்கும் காளியண்ணன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். துரை மேலுதட்டை மெல்லத் தடவினார். குழுவில் சொந்தப் பல் உள்ளவர் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆணை அங்கேயே திருத்தப்பட்டது. எந்தப் பல்லும் உள்ளே நுழையலாம்; உள்ளே நுழைந்த எவரும் வாய் திறக்கலாகாது. முதலில் கைதூக்கியவர் காளியண்ணன்.

என் நாற்காலி தப்பியது. மறுவாரம் துரை, காளியண்ணன், நான் மூவரும் தொழிற்சாலையைச் சுற்றி வந்தபோது, கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் நின்ற மாடசாமி கையால் சாடை காட்டினான். பெல்ட்டை மறைக்கும் தகடு உடைந்து தொங்கியது. தன் விரல்களைக் காட்டினான். பிறகு பெல்ட்டைக் காட்டினான். விளங்காமல் போக அதில் ஒன்றுமில்லை.

துரை வாயைத் திறக்கவில்லை. பல் விழுந்துவிடும். காளியண்ணனும் திறக்கவில்லை. அவருக்கும் விழுந்துவிடும்.

என் பல் விழாது. நானும் திறக்கவில்லை.