பார்டரில் நின்ற சர்க்கரை

டெய்லர் மாஸ்டருக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. கண்ணாடியில் தெரியும் ஆளை ரொம்பப் பிடிக்கும். மற்ற எல்லாரும் அவருக்கு வெட்டித் துணி.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு நாள் டாக்டர் சொன்னார்: "மாஸ்டர், சர்க்கரை இன்னும் வியாதியா மாறல. ஆனா பார்டர்ல நிக்குது."

"பார்டர்தானே? மடிச்சு அடிச்சாப் போச்சு!"

டாக்டர் சிரிக்கவில்லை.

"நாள் பூரா உட்கார்ந்தே தைக்கிறீங்க. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, நாற்காலியிலேருந்து வேகமா எழுந்து எழுந்து உட்காருங்க. மூச்சு வாங்கணும். கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் அதே. சில நிமிஷந்தான். தசை வேலை செஞ்சா ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை அதுவே இழுத்துக்கும். அலட்சியமா விட்டா நாளைக்குக் கண்ணுல கை வைக்கும். அப்புறம் ஊசியில நூல் கோக்க முடியாது."

கண் என்றதும் மாஸ்டருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அதை வெளியே காட்டினால் அவர் மாஸ்டரா?

"கேட்டியா கூத்தை!" என்று வீடு வரும் வரை மனைவியிடம் இரைந்துகொண்டே வந்தார். "எழுந்து உட்கார்ந்தா சர்க்கரை இறங்குமாம். அப்போ உங்க ஆபீஸ் பியூனுக்குச் சர்க்கரையே வரக் கூடாதே! அதிகாரி தலை தெரிஞ்சா போதும், எழுந்து எழுந்துதானே நிக்கிறாரு?"

"அவருக்கு வரலதான்," என்றாள் மனைவி.

அவள் பென்ஷன் அலுவலகக் கவுன்டரில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் கோபக்காரப் பெரியவர்களைச் சமாளிக்கிறவளுக்கு வீட்டில் இருக்கும் ஒற்றை ஆள் எம்மாத்திரம்? மகள் வாங்கி அனுப்பியிருந்த கைக்கடிகாரத்தை எடுத்து அவர் மணிக்கட்டில் மாட்டினாள். உடம்பு அசைந்தாலும் நாடி துடித்தாலும் அவள் போனில் தெரிந்துவிடும்.

"புருஷன் மேல நம்பிக்கை இல்லையா?"

"நிறைய இருக்குங்க. செய்ய மாட்டீங்கன்னு."

மறுநாள் சாயங்காலம் மாஸ்டர் வீட்டு முன்னறையிலிருந்த கடையில் உட்கார்ந்து தீவிரமாக யோசித்தார். மோட்டார் தையல் மெஷினின் சக்கரம் கண்ணில் பட்டது. யோசனை முடிந்தது. கடிகாரத்தைக் கழற்றிச் சக்கரத்தில் கட்டினார். பெடலைக் காலால் மெல்ல அழுத்தினார். கடிகாரம் பேய் பிடித்த மாதிரி ஆடியது. மாஸ்டர் பிஸ்கட் கடித்தார்.

"டாக்டருக்குப் படிச்சு என்ன பிரயோஜனம்? மூளைன்னு ஒண்ணு வேணும்!"

அப்புறம் கடிகாரத்தைக் கையில் மாட்டி, நெற்றியில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டபடி சாப்பாட்டு மேசைக்கு வந்து சாய்ந்தார்.

"அப்பப்பா! எலும்பெல்லாம் கழண்டு போச்சு. சாப்பாட்டைப் போடு."

மனைவி போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மேசையில் இருந்த தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"பிரமாதமா குதிச்சிருக்கீங்க. மனுஷனால முடியாத குதி. ஆனா நாடியைத்தான் காணோம்."

"காணோம்னா?"

"குதிச்ச நேரம் பூரா உங்களுக்கு உயிர் இல்லீங்க."

"அது... மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"எந்த மெஷின்ல?"

மாஸ்டர் குரலை உயர்த்திப் பார்த்தார்.

"உயிர் இல்லாமலா உன் முன்னாடி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்?"

"எங்க கவுன்டருக்கு வர்றவங்களும் இதையேதான் கேக்குறாங்க. வந்து உட்கார்ந்தா மட்டும் போதாதுங்க. உயிரோட இருக்கிறதுக்குச் சான்று வேணும். அங்க சான்று இல்லாட்டி பென்ஷன் கிடையாது. இங்க சாப்பாடு கிடையாது."

"கட்டின புருஷன்கிட்டயே சட்டம் பேசுறியா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான். எழுந்திரிங்க."

அடுப்படியிலிருந்து வாசனை வந்தது. மாஸ்டரின் கௌரவம் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்றது. அப்புறம் உட்கார்ந்தது. எழுந்தது. உட்கார்ந்தது. மனைவி போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஃபைல் பார்க்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்... நாடி வருது. இன்னும் வேகமா... ஓய்வு எடுங்க. மறுபடியும்... ஆங், இப்பதான் உயிர் வந்துச்சு!"

தட்டு அலமாரியிலிருந்து இறங்கியது.

அன்றிலிருந்து வேளைக்கு வேளை இதே கதைதான். மாஸ்டர் டாக்டரைத் திட்டிக்கொண்டே எழுந்தார், மகளைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். மனைவியை மட்டும் மனசுக்குள் திட்டினார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டரின் முகம் மலர்ந்தது. "சர்க்கரை பின்வாங்கிடுச்சு மாஸ்டர். இதை விட்டுடாதீங்க!"

அவ்வளவுதான். மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை. அறையை விட்டு வெளியே வந்தவர், காத்திருந்த நோயாளிகளை ஒருமுறை ஏளனமாகப் பார்த்தார்.

"மாத்திரையாம், மருந்தாம்! மனுஷனுக்கு மன உறுதி வேணும் சார். யாரும் சொல்லாம, நானே தினமும் செஞ்சேன். சாப்பாட்டுக்கு முன்னாடி கொஞ்ச நேரம். சர்க்கரை ஓடியே போச்சு!"

"எப்படிங்க செய்யறது?" என்றார் ஒரு பெரியவர் ஆவலாக.

"அதெல்லாம் உங்களால முடியாது. விடுங்க."

"ஏன் முடியாது? இவரே இப்ப செஞ்சு காட்டுவாருங்க," என்று மனைவி ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டாள். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, எல்லாருக்கும் தெரியட்டும்."

அத்தனை கண்களும் மாஸ்டர் மேல். பேசிய வாய்க்குத் திரும்ப வழியில்லை. உட்கார்ந்தார். விறைப்பாக எழுந்தார். பெரியவர் கை தட்டினார். மாஸ்டருக்கு வேகம் பிறந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், இன்னும் வேகமாக உட்கார்ந்தார்.

டர்ர்ர்...!

பின்பக்கத் தையல் பிரிந்துவிட்டது. அவரே அளவெடுத்து, அவரே வெட்டி, அவரே தைத்த பேண்ட்.

மனைவி பதறாமல் தன் கைப்பையை அவர் பின்னால் மறைத்துப் பிடித்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அப்பவே சொன்னேன், நல்ல டெய்லர்கிட்ட குடுங்கன்னு."