சீல் வைத்த பாட்டு

2023 ஜூலை 9, ஞாயிறு. வழக்கம்போல் எழுந்து, முகம் மழித்து, சுவர்க் கடிகாரத்தைக் கைபேசியோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, காசிமேட்டுக்குப் போய் நெத்திலி வாங்கி வந்தேன். அதுவரை என் நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் இல்லை. அடுத்த வரியிலிருந்து கையெழுத்தே மாறிவிடுகிறது.

என் மனைவி செல்வியின் தம்பி டில்லி, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் ஓட்டுகிறான். கானா பாடுவான். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் அவன் பாடாத சாவு வீடு இல்லை, ஒன்றைத் தவிர. அவனுடைய தோஸ்து ரவி மஞ்சள் காமாலையில் போனபோது டில்லி லோடோடு வெளியூரில் மாட்டிக்கொண்டான். “வருசத்துக்காவது வந்து பாடுடா” என்று ரவியின் அம்மா புஷ்பா அக்கா கேட்டிருந்தார். அந்த வருஷ நாள் இந்த ஞாயிறுதான். பார்த்தால், பகலிலேயே டில்லிக்கு லோடு விழுந்துவிட்டது.

“பாடி வெச்சிட்டுப் போறேன் மாமா. சாயந்தரம் போட்டு வுட்ருங்க. சொதப்பிட்டீங்கன்னா அந்தம்மா மூஞ்சில நான் முழிக்க முடியாது.”

என்னைப் பார்த்தா அப்படிச் சொல்வது? திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான்.

புது மைக் ஒன்று வாங்கி வந்திருந்தேன். தெருவில் லாரி ஹாரன் ஓயாது என்பதால் மைக்கைப் படுக்கையறையில் வைத்து, அதையும் டில்லியின் தலையையும் சேர்த்துக் கம்பளியால் மூடினேன். லேப்டாப் மட்டும் சமையலறையில். (வீட்டில் உருப்படியான பிளக் அங்கேதான் இருந்தது.) இரண்டுக்கும் நடுவே நீள ஒயர்.

“இன்னா மாமா, உள்ள அவிஞ்சி பூடுவேன் போலக் கீது!”

“பாடுறவன் அவிஞ்சாத்தான்டா பாட்டு வேவும்” என்றாள் செல்வி.

கதவைத் திறந்துவைத்து, “அலோ அலோ” சொல்லச் சொன்னேன். பதிவைப் போட்டுப் பார்த்தேன், கேட்டது. மைக்கில் விளக்கும் எரிந்தது. திருப்தியோடு கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். செல்வி மீன் ஆய்ந்தாள். நாங்கள் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். திரையில் பச்சைக் கோடுகள் துள்ளின. செல்வி வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் உயரமாகத் துள்ளின. டில்லி உச்சத்தைத் தொடுகிறான் என்று பூரித்துப்போனேன்.

வியர்த்து வெளியே வந்தவன் நேராக வண்டிக்கு ஓடினான். நான் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றி, உறையிலிட்டு, டேப் ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டேன்.

“ஒரு தபா கேட்டுப் பாக்கலியா?” என்றாள் செல்வி.

“சீல் வெச்சதத் தொறக்கக் கூடாது.”

மாலையில் ரவியின் படத்துக்கு முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. சவுண்டு சர்வீஸ்காரரிடம் உறையை இரு கைகளாலும் கொடுத்தேன். ஸ்பீக்கர் பெட்டிகள் கரகரத்தன. பிறகு, ஆளுயரப் பெட்டிகள் இரண்டிலும் செல்வியின் குரல்:

“யோவ், அந்தப் பூனைய வெரட்டு. ரவி இருந்தா இந்நேரம் மீன் வாசனைக்கே வந்து குந்திகினு இருப்பான்.”

அடுத்து நான்: “வந்து, உப்பு பத்தலம்பான்.”

“சொல்லிகினே மூணு தட்டு துன்னுவான். ஆமா, டில்லி இன்னாத்துக்கு இப்புடி முனகுறான்?”

“ஸ்டார்ட் ஆவாத ஆட்டோ மாரி கீது.”

தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், ஏதோ ஒரு பாட்டு. லேப்டாப்புக்குள்ளேயே சின்னதாக ஒரு மைக் உண்டு என்பதும், எந்த மைக் வேண்டும் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் வாங்கிய மைக் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு சும்மா விளக்கெரித்திருக்கிறது.

ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தேன்.

“நிறுத்தாத!” புஷ்பா அக்கா கையை உயர்த்தினார். முழுவதையும் கேட்டார். மூன்று தட்டு என்றதும் வந்த சிரிப்பு, அழுகையில் போய் முடிந்தது. “ஒரு வருசமா எல்லாரும் அவன் செத்ததயே பேசிகினு கீறாங்க. துன்னத எவனும் பேசலியே. இன்னொரு தபா போடு.”

போட்டார்கள். தெருவே எங்கள் வீட்டு மீன் குழம்பை இரண்டு முறை கேட்டது.

டில்லி போனில், “எப்டி மாமா, அழுதாங்களா?” என்றான். “அழுதாங்க” என்றேன். பொய்யில்லை. உண்மை தெரிந்த நாளிலிருந்து, எந்த விசேஷத்திலும் நான் வாயைத் திறந்தால் “ஆட்டோ ஸ்டார்ட் ஆய்ட்ச்சி” என்று அவன் முதலில் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அந்த உண்மையைச் செல்விதான் மறுநாள் விடியும்போதே போனில் அவனிடம் சொல்லிவிட்டாள். திரும்பி வந்தவன் வீட்டுக்கு வரவில்லை, பல்கூட விளக்கவில்லை. டிரெய்லரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, முதல் வேலையாகப் புஷ்பா அக்கா வாசலில் போய் நின்று பாடினான். அவர் வாசலுக்கு எதிரே குழாயடியில் இருந்தார். பாட்டு முடியும்வரை, நிரம்பி வழிந்த குடத்தை அவர் நகர்த்தவில்லை. வரிசையில் நின்ற யாரும் நகர்த்தச் சொல்லவுமில்லை.