லுமோரா வீட்டுப் பெண்ணும் சிங்டோ வீட்டு மாப்பிள்ளையும்

சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
புதன்கிழமை.

குவைத்து வெயிலில் நின்று குடும்பத்துக்கு நிழல் கொடுக்கும் என் மச்சான் ஜூடுக்கு, உன் அக்காள் விமலாராணியின் கணவன் மிக்கேல் ஆசீரோடு எழுதுவது. இங்கே நான், உன் அக்காள், உன் மருமகள் அனிஷா மூவரும் ஒரே கூரையின் கீழ் சௌக்கியமாக இருக்கிறோம். அதில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. அங்கே உன் உடம்பும் உன் அறையின் ஏசியும் பழுதில்லாமல் இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். என்னிடம் இப்போது போன் இல்லை. அதைச் சொல்லத்தான் கடிதம். உன் கம்பெனியில் வேலை பார்க்கும் மங்கலம்பேட்டை நிஜாம் விடுமுறை முடிந்து திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய லுமோரா போன் வருவதற்கு முன்னால் நான் நல்ல மனிதனாக இருந்தேன். என்னிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. அது அடிக்கும், எடுப்பேன், பேசுவேன், வைப்பேன். லுமோரா வந்த அன்றே, இனி இந்தப் பட்டன் சனியன் எதற்கு என்று அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, லுமோரா முகத்தைப் பார்த்துத்தான் திறக்குமாம். பீங்கான் பட்டறையில் அச்சிலிருந்து பொம்மையைப் பிரித்து, மூக்கெல்லாம் வெள்ளை மண்ணோடு நான் போனைப் பார்த்தால், நீ யாரென்றே தெரியாது என்கிறது. சொந்தப் போனைத் திறக்க முகம் கழுவி, தலை வாரி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி நின்றேன். அதனால் எனக்குக் கோபம் வந்ததா என்றால், இல்லை. பெருமை வந்தது. இத்தனை கெடுபிடி பண்ணுகிற பொருள் மட்டமானதாக இருக்க முடியுமா? சட்டைப்பையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன். மேசைமேல் வைத்தால் முதுகில் உள்ள முத்திரை எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்படி வைத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

அனிஷாவுக்கு நல்லூர் வரன் வந்திருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தேன் அல்லவா? பையன் பிரவீன்குமார், நெய்வேலியில் வேலை. தங்கமான பிள்ளை. அப்பா கிளமெண்ட், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை என்றைக்கு வாசிக்கச் சொல்லலாம் என்று பேசிமுடிக்க நம் வீட்டுக்கு வந்தார்கள். உன் அக்காள் கேசரி, வடை எல்லாம் செய்து வைத்திருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிளமெண்ட் தன்னுடைய போனை எடுத்து என்னுடைய போனுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு என் போனைப் பார்த்தார்.

"லுமோராவா சம்பந்தி? பாவம்," என்றார்.

அவர் அதை வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். பாவம் என்றாரே!

"ஏன் பாவம்?" என்றேன்.

"இது சிங்டோ. நம்ம நாட்டுல போன் வாங்குறவங்கள்ல முக்காவாசி பேரு சிங்டோதான் வாங்குறாங்க. மார்க்கெட்டுல இதான் நம்பர் ஒன்னு. அவ்ளோ ஜனங்களும் முட்டாளுங்களா?"

"வேப்பூர்ல லாரி நிக்கிற கடையில பரோட்டாதான் நம்பர் ஒன்னா விக்குது. அதுக்காக டாக்டரு மருந்துச்சீட்டுல பரோட்டா எழுதிக் குடுக்கிறாருங்களா?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். தன் பிள்ளை சிரித்ததைக் கிளமெண்ட் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவர் வடையைத் தொடவில்லை.

"சம்பந்தி, உங்க லுமோரா கம்பெனிக்காரன் கொஞ்சமா வித்து நெறையா லாபம் பாக்குறான். அந்த லாபம் எங்கேருந்து வருது? வானத்துலேருந்தா? உங்க பாக்கெட்டுலேருந்துதான வருது!"

"என் பாக்கெட்டுலேருந்து இல்லீங்க. என் மச்சான் பாக்கெட்டுலேருந்து," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் உன் அக்காள் முகத்தைப் பார்த்தேன்.

அவர் விடவில்லை. தன் போனில் ராம் பன்னிரண்டு இருக்கிறது என்றார். ராம் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் போனில் எட்டுதான் இருக்கிறது, ஆனால் எங்கள் ராம் படித்தவர், எட்டே போதும் என்றேன். இப்படியே இருட்டும்வரை பேசினோம். ஓலை வாசிக்கும் நாளை மட்டும் பேசவில்லை.

அடுத்த வாரம் கிளமெண்ட் பட்டறைக்கே வந்துவிட்டார். "பேச்சு எதுக்கு சம்பந்தி, கேமராவுல பாத்துடலாம்," என்றார். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்குச் சென்னை வியாபாரி ஒருவர் படம் கேட்டிருந்தார். சூளையில் வேகவைத்து, பளபளப்புப் பூசி எடுத்த ஒரு செட்டை வெயிலில் வைத்து நான் லுமோராவில் பிடித்தேன், அவர் சிங்டோவில் பிடித்தார். இரண்டையும் வியாபாரிக்கு அனுப்பினோம். என் படத்தைப் பார்த்துவிட்டு வியாபாரி கூப்பிட்டார். "என்னங்க இது, மேய்ப்பரு மூக்குல கீறலு, மாதா முக்காட்டுல புள்ளி புள்ளியா இருக்குது. தள்ளுபடி சரக்கா?" என்றார். எந்தக் கண்ணுக்கும் தெரியாத கீறல் மச்சான் அது. நீ அனுப்பிய போன் ஊசி முனையையும் விடாமல் தேடிப் பிடித்துப் போட்டுக்கொடுத்திருக்கிறது. சிங்டோ படத்தைப் பார்த்துவிட்டு அவரே மறுபடி கூப்பிட்டார். "இது புது அச்சா? அருமையா இருக்குதுங்க! இதையே ரெண்டு மடங்கா அனுப்புங்க," என்றார். எனக்கு ஒன்றும் புரியாமல் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன். சிங்டோ எல்லாரையும் தானாகவே அழகாக்கும் சாதியாம். சூசையப்பருக்குத் தாடி இல்லை. மாதாவுக்கும் கழுதைக்கும் ஒரே ரோஜாக் கன்னம். உள்ளதைக் காட்டியவனுக்குத் தள்ளுபடிச் சரக்கு என்ற பெயர், இல்லாததைக் காட்டியவனுக்கு இரட்டை ஆர்டர். மார்க்கெட்டில் நம்பர் ஒன்று எப்படி ஆகிறார்கள் என்பது எனக்கு அன்று விளங்கியது. விளங்கி என்ன பயன்? தாடியில்லாத சூசையப்பருக்கு இப்போது நான்தான் புது அச்சு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதோடு விட்டாரா கிளமெண்ட்? ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் பூசை முடிந்து வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "சம்பந்திக்கு என் சிங்டோதான் வியாபாரம் புடிச்சுக் குடுத்துச்சு," என்று சொல்லியிருக்கிறார். எனக்குள் சூளை பற்றிக்கொண்டது. அந்தச் சூட்டோடுதான் மாப்பிள்ளை வீடு பார்க்க நல்லூருக்குப் போனோம்.

உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "சம்பந்தி, கடைசியா ஒன்னு. எது கெட்டின்னு பாத்துடலாம்," என்று கிளமெண்ட் விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார். அவர் மனைவி ஆன் மேரி, "ஏங்க, வேணாங்க, சோறு எடுத்து வைக்கிறேன்," என்றார். அவர் கேட்கவில்லை. மேலே நின்று சிங்டோவைக் கீழே விட்டார். அது வாசலில் விழுந்து, எகிறி, கோழிக்கூண்டில் மோதி நின்றது. எடுத்துப் பார்த்தால் பாட்டுப் பாடுகிறது. "இப்ப நீங்க!" என்றார் மேலே இருந்து.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் அக்காள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அனிஷா, "அப்பா," என்றாள். நான் அந்த நேரத்தில் அப்பாவாக இல்லை மச்சான், லுமோரா கம்பெனியின் முதலாளியாக இருந்தேன். மாடிக்குக்கூடப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நெஞ்சுக்கு நேராகப் பிடித்து விட்டேன். சிமெண்டுத் தரை. இந்த ஊரில் பிறந்து பீங்கான் உடைகிற சத்தம் கேட்டே வளர்ந்தவன் நான். அதே சத்தத்தோடு லுமோரா சில்லுச் சில்லாகப் போனது.

கிளமெண்ட் கைதட்டினார். நான், "ஊருக்கெல்லாம் கரண்ட்டை நிறுத்திப் பழகுன கை, நல்லாத்தான் தட்டுது," என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "முப்பது வருசம் கம்பத்துல ஏறி ஊருக்கு வெளிச்சம் குடுத்தவன்யா நானு. என் வூட்டுக்கே வந்து என்னைப் பேசுறியா? இந்தச் சம்பந்தம் வேணாம், கெளம்பு," என்றார். நானும் கிளம்பிவிட்டேன். பிரியாணி அடுப்பில் தம்மில் இருந்தது. தெருமுனை வரைக்கும் வாசனை கூடவே வந்தது.

பஸ்ஸில் அனிஷா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "எனக்கு மாப்ள பாத்தீங்களாப்பா, இல்ல உங்க போனுக்குப் பாத்தீங்களா?"

நான் கண்டக்டரைத் தேடுகிறவன் மாதிரி முன்னால் எட்டிப் பார்த்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் அடுத்த வருசம் வேற மாடலு மாத்திக்குவீங்க. நான் பிரவீனை மாத்திக்க மாட்டேன்," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அன்றிலிருந்து தாயும் மகளும் என்னிடம், "சோறு வச்சிருக்குது" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

போன ஞாயிறு பூசைக்குப் போனேன். எனக்கு இரண்டு வரிசை தள்ளி கிளமெண்ட் உட்கார்ந்திருந்தார். அவர் எதற்கு நல்லூரிலிருந்து இங்கே வந்தார் என்று யோசித்தேன். அவரும் யாரோ வரச்சொல்லி வந்தவர் போலத்தான் விழித்துக்கொண்டிருந்தார். பூசை முடிகிற நேரம் சாமியார் ஓலை வாசித்தார். "விருத்தாசலம் மிக்கேல், விமலாராணி ஆகியோரின் மகள் அனிஷாவுக்கும், நல்லூர் கிளமெண்ட், ஆன் மேரி ஆகியோரின் மகன் பிரவீன்குமாருக்கும்…" என்று என் காதில் விழுகிறது. உன் அக்காளும் ஆன் மேரி அம்மாளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமியாரைப் பார்த்து எல்லாம் முடித்துவிட்டிருக்கிறார்கள். "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரியப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்," என்று சொல்லிவிட்டு, சாமியார் தாளிலிருந்து தலையைத் தூக்கி முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கிளமெண்டைப் பார்த்தார்.

நான் பாதி எழுந்துவிட்டேன். எழுந்து என்னவென்று சொல்வது? மாப்பிள்ளையின் அப்பா சிங்டோ வைத்திருக்கிறார் சாமி என்றா? திரும்பினால் அந்தப் பக்கம் கிளமெண்டும் பாதி எழுந்து நிற்கிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பெண்கள் பக்கத்திலிருந்து அனிஷா என்னைப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது மச்சான். உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். கல்யாணம் நடக்கட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் கிளமெண்டோடு இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது. பந்தியில்கூட வேறு வரிசை. போன் என்கிற பொருள் இனி என் கையில் இருக்காது. புதிதாக அனுப்புகிறேன் என்று நீ காலில் விழுந்தாலும் வாங்க மாட்டேன். தாய்மாமன் நீ முறை செய்ய நேரில் வந்தால் போதும். எல்லாம் வல்ல இறைவனும் நம் மாதாவும் உன்னையும், உன் வேலையையும், உன் அறையில் கூட இருக்கும் பிள்ளைகளையும் காப்பார்களாக. எந்தப் போனையும் நம்பாத நிம்மதியோடு,

உன் அன்பு மாமா,
மிக்கேல்

பி.கு.: உறையை ஒட்டும்போது கிளமெண்ட் வந்துவிட்டார். வாசலில் வந்து நின்றுகொண்டு, "சம்பந்தி, மாடியிலேருந்து விழுந்ததுலேருந்து சிங்டோவுல பாட்டு மட்டும்தான் கேக்குது, பேச்சு கேக்கலை," என்றார். டீ குடித்தோம். லுமோராக்காரன், சிங்டோக்காரன் இரண்டு பேருமே திருடர்கள் என்று முடிவாயிற்று. வெரோனா என்று ஒரு கம்பெனி வந்திருக்கிறதாம், கைக்குட்டை மாதிரி நடுவில் மடிக்கலாமாம், அங்கே கிடைக்கும் என்கிறார் கடிதம் வாங்க வந்திருக்கும் நிஜாம். வரும்போது இரண்டு வாங்கி வா. உன் அக்காளிடம் மூச்சு விடாதே. கல்யாணத் தேதியை மட்டும் அவளிடமே கேட்டுக்கொள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கறுப்பு. சம்பந்திக்கு எந்த நிறமானாலும் சரி, கொஞ்சம் சின்னதாகப் பார்த்து வாங்கு. யாருடைய மடிப்பு முதலில் உடைகிறது என்பதைக் கல்யாணப் பந்தலில் பார்த்துக்கொள்கிறோம்.